ராத்திரி ரெண்டரிங் போட்டா ஃபேன் சத்தம் தாங்க முடியல, எப்பிடி கொறைக்க?

முக்கூடல் எடிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு முக்கூடல். கல்யாண வீட்டு வீடியோ எடிட்டிங் பண்ணுதேன், வீட்ல வச்சுதான். நாலு வருசமா ஒரே கம்ப்யூட்டர், ஐ5 10400 பிராசசர், 16 ஜிபி ராம், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு. பிராசசர் கூட பாக்ஸ்ல வந்த கூலர்தான் இன்னைக்கு வரைக்கும் கெடக்கு. இப்பம் வைகாசி முகூர்த்தம் வேற, கையில ஏழு கல்யாண வேல நிக்கி, பகல்ல கட் பண்ணி வச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டரிங் (கட் பண்ணுனத முழு வீடியோ ஃபைலா ஆக்குத வேல) போட்டுட்டு படுப்பேன். அங்கதான் பிரச்சனையே. ரெண்டர் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிசம் ஃபேன் ஊய்ய்னு எடுக்கும் பாருங்க, மிக்சி ஓடுத மாதிரி, விடிய விடிய நிக்காது. சும்மா இருக்கும்போதும் ஒழுங்கா இல்ல, ஒரு ஃபோல்டர தொறந்தா ஊய்ங்குது, ரெண்டு செகண்டுல அடங்குது, குரோம்ல ஒரு டேப் தொறந்தா திரும்பவும் ஊய்ங்குது.

எங்க வீட்ல ஒரு ஹாலு ஒரு அடுக்கள, அம்புட்டுதான். ஹால்லதான் சீலிங் ஃபேன், அம்மாவும் அங்கதான் படுப்பாவ. பகல் பூரா பீடி சுத்துதாவ, ராத்திரி முதுக நீட்டி படுத்தாதான் மறுநா தட்டு முன்னால உக்கார முடியும். ஒரு வாரமா இந்த சத்தம் தாங்காம பாய எடுத்துட்டு அடுக்களைக்கு போயிருதாவ, அங்க சொட்டு காத்து கெடையாது. அத பாக்க எனக்கு மனசே கேக்கல.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வீடியோ பாத்து பயோஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆவும்போதே போற செட்டிங் பக்கம்) ஃபேன் கர்வ, அதாவது எந்த சூட்டுக்கு ஃபேன் எம்புட்டு வேகம்ங்கத, அப்படியே அவரு வச்ச மாதிரி வச்சேன், 40 டிகிரி வரைக்கும் 20 சதவீதம், 60ல 60, 70ல 100. முன்னைக்கு இப்பம் மோசமாத்தான் ஆயிருக்கு. இதுல ஒரு ஃபேன் என்ன செஞ்சாலும் வேகம் கொறையவே மாட்டேங்குது. போன தடவ ஒரு கடையில குடுத்தேன், விண்டோஸ ஃபார்மட் பண்ணி குடுத்துட்டு சரியாயிட்டுன்னு சொன்னாவ, ஒண்ணும் ஆவல. இப்பம் கடைக்கு தூக்குனா ரெண்டு நாள் வேல கெட்டுரும். வீட்ல வச்சே நானா என்ன செய்யலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, புண்ணியமா போவும்.

பாளை சர்வீஸ்:

தம்பி, ஃபேன் சத்தத்துக்கு ஃபார்மட் அடிக்கத விடு, அது முடிஞ்ச கத. மொதல்ல சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிப்போம். உள்ள கூலர் ஃபேன், கேபினெட் ஃபேன், கிராபிக்ஸ் கார்டு ஃபேன், கரண்ட் குடுக்க எஸ்எம்பிஎஸ் பெட்டி ஃபேன்னு நாலஞ்சு கெடக்கும், எல்லாம் சேந்து ஒரே சத்தமாத்தான் காதுக்கு கேக்கும். பேப்பர ஒண்ண குழல் மாதிரி சுருட்டி ஒரு முனைய காதுல வச்சிக்கிட்டு இன்னொரு முனைய ஒவ்வொரு ஃபேன் பக்கமும் கொண்டு போ, ஃபேன்ல படாம. எது கத்துதுன்னு தனியா தெரிஞ்சிரும். நான் இருவது வருசமா இப்பிடித்தான் பாக்கேன்.

பொறவு இத பாத்து சொல்லு. கேபினெட் ஃபேன் வயரு எங்க போய் சொருகி இருக்கு, மதர்போர்டுலயா, இல்ல ஹார்டு டிஸ்க்குக்கு பவர் போவுத பெரிய மோலெக்ஸ் கனெக்டர்லயா? போர்டுலன்னா பின்னு மூணா நாலா? எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் ஓசியா கெடைக்கும், அத ஓட விட்டு ரெண்டர் ஓடும்போது பிராசசர் சூடு எம்புட்டு, கூலர் ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தன சுத்து) எம்புட்டு, சும்மா இருக்கும்போது எம்புட்டுன்னு பாரு. மத்தியானம் ஹாலு எம்புட்டு சூடா இருக்கும்னும் சொல்லு, அது ரொம்ப முக்கியம்.

முக்கூடல் எடிட்டர்:

பாத்துட்டேன் அண்ணாச்சி. பேப்பர் குழல் வச்சி பாத்ததுல மெயினா கத்துதது கூலர் ஃபேன்தான். ரெண்டர்ல பிராசசர் சூடு 98, 99ன்னு நிக்கி, ஆர்பிஎம் 2,700க்கு மேல. சும்மா இருக்கும்போது 52லேருந்து 66 வரைக்கும் ஏறி ஏறி எறங்குது. கூலர் 4 பின். முன்னால ரெண்டு ஃபேன் போர்டுல 3 பின்னுல சொருகி இருக்கு, அந்த ரெண்டும் எப்பமும் ஃபுல்லா ஓடுது. பின்னால உள்ளது மோலெக்ஸ். மத்தியானம் ஹால்ல 37 இருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கும் 32க்கு கொறையல. ஓடு போட்ட வீடு.

தேரிக்காடு:

நமக்கு திசையன்விளை பக்கம். ஏறி ஏறி எறங்குததுலாம் பொறவு பாருங்க மக்கா, 98க்கு போவுதுன்னா மொத வேல தூசி. எங்க பக்கம் ஆனி ஆடில காத்து கெளம்புனா தேரி மணலு செவப்பா வீட்டுக்குள்ள வந்து படியும், மூணு மாசம் தொறக்காம விட்டா கூலர் இடுக்குல செங்காவி அடிச்ச மாதிரி நிக்கும். நீங்க அம்மா பீடி சுத்துதாவன்னு சொல்லுதிய, அப்பம் உங்க வீட்ல எலைத் துணுக்கும் தூளும் பறந்துக்கிட்டே இருக்கும்லா. அந்த தூளு தனியா வந்தா ஃபேன் காத்துலயே வெளிய போயிரும், ஆனா நூலாம்படையும் தலமுடியும் கூட சேந்துச்சுன்னா ஃபேனுக்கு கீழ அலுமினிய இடுக்குல கம்பளி மாதிரி ஒரு அட கட்டிரும். மேலேருந்து பாத்தா ஃபேன் றெக்க மறச்சிரும், தெரியாது. ஃபேன கழத்திட்டுதான் பாக்கணும்.

சுத்தம் பண்ணும்போது ஒண்ணு மறக்காதிய. பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுத்தி புடிச்சி உள்ள மிச்சம் இருக்க கரண்ட்ட எறக்கிருங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் றெக்கைய ஒரு வெரலால புடிச்சிக்கிடணும், விட்டா அது கண்ட வேகத்துல சுத்தி பேரிங் போயிரும், எனக்கு ஒரு ஃபேன் அப்பிடித்தான் போச்சு. கம்ப்யூட்டர வாசல் திண்ணைக்கு கொண்டு போய் அடிங்க, வீட்டுக்குள்ள அடிச்சா அத்தனையும் திரும்ப உள்ளயேதான் போவும்.

கேபினெட் முன்னால கிரில்லுல பழைய நைலான் சேலத் துண்ட ஒத்தப் படையா இழுத்து கட்டி வச்சிருக்கேன் நான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா உருவி ஒதறிட்டு திரும்ப கட்டுவேன். காத்து கொஞ்சம் கொறையும், இல்லன்னு சொல்லல, ஆனா உள்ள போற மண்ணு பாதிக்கு மேல நின்னுரும்.

வள்ளியூர் கேமர்:

ப்ரோ பேசாம அந்த கூலர தூக்கி போட்டுட்டு 120 எம்எம் ஃபேன் வச்ச டவர் கூலர் வாங்கிருங்க, ரெண்டாயிரம் ரூவாய்க்குள்ள நல்லதே கெடைக்கும், சத்தம்லாம் மறந்தே போவும். பெரிய ஃபேன் கம்மி ஆர்பிஎம்லயே நெறைய காத்து தள்ளும்லா. வாங்கும்போது கூலர் உயரம் கேபினெட் அகலத்துக்குள்ள அடங்குமான்னு மட்டும் அளந்துக்கிடுங்க, நான் அளக்காம வாங்கி சைடு கதவ மூட முடியாம திருப்பி அனுப்புனேன்.

பாளை சர்வீஸ்:

வள்ளியூர் தம்பி சொல்லுதது தப்பில்ல, ரெண்டர் வேலைக்கு டவர் கூலர் நல்லதுதான். ஆனா ரூவா செலவழிக்க முன்ன காசில்லாம பாக்க வேண்டியது நாலு இருக்கு, அத பாக்காம புது கூலர் போட்டாலும் பாதி பிரச்சன அப்படியேதான் நிக்கும்.

மொதல்ல 98. ஐ5 10400க்கு உச்சம் 100 டிகிரி, அதுக்கு மேல போவ விடாம பிராசசரே தன் வேகத்த கொறச்சிக்கிடும். அப்பம் உனக்கு சத்தமும் வருது, ரெண்டர் நேரமும் நீளுது. தேரிக்காட்டு அண்ணாச்சி சொன்ன மாதிரி தூசிய எடு, ஆனா அதோட விட்டுராத. அந்த கூலருக்கு நாலு மூலைலயும் பிளாஸ்டிக் பின்னு இருக்கும், அத தள்ளித்தான் போர்டுல மாட்டுதது. பஸ்ல ஆட்டோல ரெண்டு தடவ தூக்கிட்டு போனா ஒரு பின்னு நெகிழ்ந்து நிக்கும், மூணு பின்னுல கூலரு சாஞ்சி ஒக்காந்திருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும். நாலு மூலைலயும் வெரல வச்சி பைய ஆட்டிப் பாரு, எந்த மூல அசையுதோ அதுதான். கழத்த பின்னு தலைல உள்ள அம்புக்குறி பக்கமா திருகி மேல தூக்கணும். மாட்டும்போது எதிர் எதிர் மூலையா அமுக்கு, டக்குன்னு சத்தம் வரணும். போர்ட திருப்பி பின்பக்கம் பாத்தா வெள்ளக் காலு நடுவுல கறுப்புக் குச்சி நாலுலயும் ஒரே மாதிரி வெளிய வந்திருக்கணும். கழத்துனா பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல சூடு கடத்த வைக்குத பேஸ்ட்டும் புதுசு வைக்கணும், பழசு நாலு வருசம்னா காஞ்சி கருவாடா போயிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனச்ச துணியால ரெண்டு பக்கமும் தொடச்சிட்டு நடுவுல ஒரு பட்டாணி அளவு வையி, போதும்.

அடுத்தது ரெண்டு முன் ஃபேன். இதுக்கு சாமானே வாங்க வேண்டாம், பயோஸ்ல ஒரே ஒரு செட்டிங். 4 பின் ஃபேனுக்கு 12 வோல்ட்டு எப்பமும் முழுசா போவும், நாலாவது வயருல பிடபிள்யூஎம் சிக்னல் வந்து வேகத்த சொல்லும். அது செகண்டுக்கு 25,000 தடவ அடிக்கும், மனுசக் காதுக்கு எட்டாது, அதனால அந்த சிக்னலால தனியா கீச்சுச் சத்தம் வராது. 3 பின் ஃபேனுக்கு அந்த வயரே கெடையாது, கிரவுண்ட், 12 வோல்ட், வேகம் சொல்லுத வயரு, அம்புட்டுதான். பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வோல்ட்ட கொறச்சாதான் அது வேகம் கொறையும். உன் போர்டுல அந்த ஹெட்டர், அதாவது ஃபேன் வயரு சொருகுத எடம், பிடபிள்யூஎம் மோடுல நிக்கும், அது சிக்னல்ல வேகத்த கொறன்னு சொல்லுது, ஃபேனுக்கு அத கேக்க வயரு இல்ல, 12 வோல்ட் முழுசா வருது, ஃபுல்லா சுத்துது. பயோஸுக்கு போயி அந்த ஹெட்டர மட்டும் டிசி மோடுக்கு, அதாவது வோல்ட்ட கொறச்சி வேகத்த கொறைக்குத மோடுக்கு, மாத்து. அசூஸ்ல க்யூ-ஃபேன், ஜிகாபைட்ல ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐல ஹார்டுவேர் மானிட்டர், அஸ்ராக்ல ஃபேன்-டாஸ்டிக் டியூனிங்னு பேருதான் வேற, உள்ள ஒண்ணுதான். ரொம்ப கீழ எறக்கிராத, 12 வோல்ட் ஃபேன் நெறைய 5 வோல்ட்டுக்கு கீழ போனா நின்ன எடத்துலேருந்து கெளம்பாது.

பின்னால மோலெக்ஸ் ஃபேன போர்டால கொறைக்க முடியாது, அதுக்கும் போர்டுக்கும் தொடர்பே இல்ல. வயர நல்லா பாரு, சில ஃபேன்ல மோலெக்ஸ் கூடயே சின்ன 3 பின் சாக்கெட்டும் சேந்து இருக்கும். இருந்தா அத போர்டுல சொருகிட்டு மோலெக்ஸ கழத்திரு. ரெண்டையும் ஒரே நேரத்துல சொருகிராத, போர்டு போயிரும்.

இனி கர்வு. இதத்தான் நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன், யாரும் கேக்க மாட்டேங்காவ. அந்த வெளிநாட்டுக்காரர் ரூமு 20 டிகிரி. உன் ஹாலு 37. கூலருக்கு சூட்ட ரூம் காத்துலதான் கொட்ட முடியும், ரூமு 17 டிகிரி கூடுனா பிராசசரும் ஏறக்குறைய அம்புட்டும் கூடி நிக்கும், அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. அவரு வீட்ல சும்மா இருக்கும்போது 35, உனக்கு 52. அவரு 40லேருந்து ஏத்துதாருன்னா உன் ஃபேன் கம்ப்யூட்டர ஆன் பண்ணுன நிமிசத்துலேருந்தே மேட்டுல ஏறிட்டு நிக்கி. ஒரு ஃபோல்டர தொறந்தா பிராசசர் ஒரு கணத்துல பத்து டிகிரி தாவும், அது உள்ள இருக்க சின்ன சிலிக்கான் சூடு, கூலர் அலுமினியம் அதுக்குள்ள சுட்டிருக்கவே செய்யாது, ஆனா கர்வு செங்குத்தா இருக்கதால ஃபேன் அது கூடவே ஓடுது. உன் ஊய்ங்கு அதாம்.

அதனால நம்ம ஊருக்கு கர்வு போடுதவன் மே மாச மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்து போடணும். அந்த நேரம் சும்மா இருக்கும்போது எம்புட்டு நிக்கோ, அதுக்கு மேல ஒரு பத்து டிகிரி வரைக்கும் கர்வு தரையோட தரையா கெடக்கணும். உனக்கு 62 வரைக்கும் 35 சதவீதம். அங்கேருந்து பைய ஏத்து, 75ல 50, 85ல 65, 93ல 100. பயந்துராத, 85 அந்த பிராசசருக்கு ஒண்ணும் செய்யாது. ஸ்டெப் அப் டைம், ஸ்மூத்திங், டிலேன்னு ஏதாவது ஒரு பேருல ஒரு செட்டிங் இருக்கும், அஞ்சாறு செகண்ட் வையி, சின்னத் தாவலுக்குலாம் ஃபேன் தலையே தூக்காது. முன் ஃபேன் ரெண்டையும் பிராசசர் சூட்டோட கட்டாத, சிஸ்டம் இல்லன்னா மதர்போர்டு சென்சாரோட கட்டு, அந்த சூடு நிதானமா ஏறி நிதானமா எறங்கும்.

ஃபேன் வேகத்த பாதியாக்குனா காத்து பாதியாவும், ஆனா சத்தம் 15 டெசிபல் விழும். காதுக்கு 10 டெசிபல் விழுந்தாலே பாதி சத்தம் மாதிரி இருக்கும். 2,700லேருந்து 1,700க்கு கொண்டாந்துட்டாலே உங்க அம்மா தூங்கிருவாவ.

தென்காசி லினக்ஸ்:

அண்ணாச்சி கர்வு பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. இங்க சாரல் காலத்துல எங்க லேபு 26ல நிக்கும், சித்திரைல 38. ஒரே கர்வு ரெண்டுக்கும் ஓடணும்னா வெயில் காலத்த வச்சுதான் போடணும்.

தம்பி விண்டோஸ்தான் வச்சிருக்கு, பயோஸ்லயே முடிச்சிக்கிடுதது நல்லது. அதுல டிலே வசதி பத்தலன்னா ஃபேன் கண்ட்ரோல்னே பேருள்ள ஓசி சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, சூடு ஏறும்போது ஒரு அளவு எறங்கும்போது வேற அளவுன்னு அதுல வைக்கலாம். ஸ்பீட்ஃபேன்னு ஒரு சாஃப்ட்வேர தேடி போவாதிய, அது ரொம்ப பழசு, புது போர்டு சிப்பு பலதும் அதுக்கு தெரியாது.

லினக்ஸ் வச்சிருக்கவங்க யாராவது இத படிச்சா: சூட்டையும் ஃபேன் வேகத்தையும் காட்டுத எல்எம்-சென்சார்ஸ் போட்டுட்டு சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டுங்க. போர்டுல ஃபேன பாத்துக்கிடுதது நுவோட்டான் சிப்புன்னா என்சிடி6775, ஐடிஇ சிப்புன்னா ஐடி87 டிரைவர் ஏறும். பொறவு ஃபேன் செட்டிங் எழுதுத பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டுங்க. அது எந்த கண்ட்ரோல் எந்த ஃபேனுன்னு கண்டுபிடிக்க ஒவ்வொண்ணா அஞ்சு செகண்ட் நிப்பாட்டிப் பாக்கும், அதனால பின்னால கனமான வேல ஓடும்போது அத ஓட்டாதிய. வேகம் 0லேருந்து 255 வரைக்கும் எண்ணுல வரும், சதவீதம் இல்ல, எங்க மாணவர் ஒருத்தர் 100ன்னு வச்சிட்டு முழு வேகம்னு நெனச்சிட்டு இருந்தாரு. ரீபூட்டுக்கு அப்புறம் ஃபேன்கண்ட்ரோல் சர்வீஸ் ஓடலன்னா லினக்ஸ் அந்த சிப்புக்கு குடுக்க எச்டபிள்யூமான் எண்ணு மாறியிருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும்.

முக்கூடல் எடிட்டர்:

அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை பூரா இதுலதான் உக்காந்தேன்.

திண்ணைல வச்சி தொறந்தேன். கூலர் ஃபேன கழத்துனதும் கீழ பாத்தா அலுமினியமே தெரியல, பீடித் தூளு நெறத்துல ஒரு அட, வெரலால புடிச்சி இழுத்தா ஒரு பக்கம் முழுசா துணி மாதிரி உரிஞ்சி வந்துச்சு, மோந்து பாத்தா போயில வாசன அப்படியே இருக்கு. ராம் பக்கத்து மூலைல பின்னு ஆடுச்சு, பின்பக்கம் திருப்புனா மூணுலதான் கறுப்புக் குச்சி வெளிய நின்னுச்சு, நாலாவது உள்ளயே கெடக்கு. பேஸ்ட்டு சொரண்டுனா பொடியா உதிருது. எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சி மாட்டிட்டேன். முன் ஃபேன டிசி மோடுக்கு மாத்துன ஒடனே அதுக சத்தம் பொசுக்குன்னு அடங்கிட்டு, அத கேட்டு எனக்கே ஆச்சரியம். பின்னால உள்ள ஃபேன்ல 3 பின் சாக்கெட்டும் இருந்துச்சு, போர்டுக்கு மாத்திட்டேன். கேபினெட்டுக்கு கீழ பழைய ரப்பர் செருப்ப வெட்டி நாலு மூலைக்கும் வச்சேன், மேச அதிருதது நின்னுட்டு.

நேத்து ராத்திரி ரெண்டர்ல 81ல நின்னுச்சு, கூலர் 1,600. மூணே முக்கா மணி நேரம் எடுக்க ஃபைலு ரெண்டே முக்கா மணி நேரத்துல முடிஞ்சிட்டு. சும்மா இருக்கும்போது ஏறி எறங்குததே கெடையாது. அம்மா பாய ஹாலுக்கே கொண்டாந்துட்டாவ. நைலான் சேலைக்கும் அவங்கதான் ஒரு துண்டு கிழிச்சி குடுத்தாவ.

ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. பின்னால உள்ள ஃபேன் வேகம் கொறஞ்ச பொறவு டிக் டிக்னு ஒரு சத்தம், முன்ன கேக்கல. 1,100 கிட்ட சுத்தும்போதுதான் வருது. அது என்ன அண்ணாச்சி?

பாளை சர்வீஸ்:

நல்ல காரியம் பண்ணுன தம்பி. முன்னயும் அது டிக் டிக்னுதான் இருந்திருக்கும், பெரிய சத்தத்துல உனக்கு கேட்டிருக்காது. மொதல்ல ஏதாவது வயரு றெக்கைல ஒரசுதான்னு பாரு. அது இல்லன்னா ஸ்லீவ் பேரிங் காஞ்சிருக்கும். ஃபேன கழத்தி நடுவுல ஒட்டியிருக்க ஸ்டிக்கர பாதி உரி, ரப்பர் மூடி இருந்தா எடு, தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விடு, தேங்கா எண்ணெய் விட்டுராத, அது பிசின் கட்டிரும். றெக்கைய கையால ஒரு நிமிசம் சுத்திட்டு, ஸ்டிக்கர் மேல எண்ணெய் படாம தொடச்சி ஒட்டு. அதுக்கும் அடங்கலன்னா கர்வ்ல அந்த 1,000லேருந்து 1,200 வரைக்கும் உள்ள எடத்த நிக்காம தாண்டுத மாதிரி ரெண்டு புள்ளிய கிட்ட கிட்ட வையி, 950ல நிக்கட்டும், இல்லன்னா 1,250க்கு போயிரட்டும். ஆறு மாசத்துக்கு ஓடும், பொறவு ஃபேன் மாத்தும்போது 4 பின்னா பாத்து வாங்கு.